பின்வரிசையில் மூன்றாவது ஆள்

என்ரை தங்க அப்பாவுக்கு,

உங்களுக்கு எழுதினால் இப்படித்தான் தொடங்குவேன். பழக்கத்தில் கை எழுதிவிட்டது. வெட்டிவிட்டு வெறும் 'அப்பாவுக்கு' என்று போடலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை, இருக்கட்டும். ஆனால் இதற்குக் கீழே வரப்போவது அந்தச் சொல்லுக்குப் பொருந்தாது. நான் உங்கள்மேல் பொல்லாத கோபத்தில் இருக்கிறேன்.

இதை எழுதி மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கலாம். அப்படிச் செய்ய முடியாததற்குக் காரணம், உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு நாங்கள் அச்சடித்த நினைவு மலர். அதில் முதல் கட்டுரை என்னுடையது. 'இளவயதில் லண்டன் தொலைக்காட்சியின் நத்தார் சிறப்பு நிகழ்ச்சியில் பாடிய எங்கள் தந்தை, குடும்பத்துக்காக அந்த மேடையை விட்டு வளைகுடாவுக்கு வந்தார்' என்று எழுதியிருக்கிறேன். அந்த மலர் ரொறன்ரோவுக்குப் போயிற்று, பாரிசுக்குப் போயிற்று, யாழ்ப்பாணத்தில் உங்கள் பழைய கோயிலுக்கும் போயிற்று. அதை வாசித்தவர்கள் இதையும் வாசிக்க வேண்டும். அதனால்தான் எல்லாருக்கும் முன்னால் உங்களோடு கதைக்கிறேன்.

அந்த நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாங்கள் அப்போது சவூதியில், அல் கோபாரில் இருந்தோம். நீங்கள் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் அனுப்புகிற ஒரு கம்பனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். எனக்கு ஆறு வயது. அந்த ஊரில் கிறிஸ்மஸை வெளியே கொண்டாட முடியாது. கோயில் இல்லை, பாலன் குடில் இல்லை. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, அம்மா சுட்ட கேக்கை வெட்டி, குரலைத் தாழ்த்தி ஒரு பாட்டுப் பாடினால் அதுதான் எங்கள் நத்தார்.

அந்த வருடம் உங்கள் மனேஜரின் மனைவி, இங்கிலாந்துக்காரி, நாட்டைவிட்டுப் போகும்போது ஒரு பெட்டி நிறைய வீடியோ கசெற் தந்துவிட்டுப் போனார். அதற்குள் ஒன்று, ஊரில் யாரோ மறு ஒளிபரப்பின்போது பதிந்து அவருக்கு அனுப்பிய பழைய நத்தார் நிகழ்ச்சி.

அந்தக் காலத்தில் அங்கே ஒவ்வொரு டிசம்பரும் பெயர்பெற்ற ஒரு பாடகருக்கு ஒரு மணித்தியாலம் கொடுப்பார்களாம். இந்தக் கசெற்றில் வந்தவர் பச்சைச் சுவெற்றர் போட்டிருந்தார். மைக்குக்குக் கிட்டே வாயை வைத்து, பக்கத்தில் ஒருவர் நித்திரை, அவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலப் பாடுகிற குரல். வரவேற்பறை மாதிரி ஒரு செற். அடுப்பில் நெருப்பு எரியும், யாரும் விறகு போடமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பஞ்சுப் பனி ஒரே வேகத்தில் கொட்டும். அழைப்புமணி அடிக்கும். ஒரு நடிகை பார்சலோடு வந்து நிற்பார். தோளில் பனி ஒட்டியிருக்கும், சப்பாத்தில் ஈரமே இருக்காது. இவர் ஆச்சரியப்பட்டுக் கட்டிப்பிடிப்பார். பிறகு இரண்டுபேரும் சேர்ந்து பாடுவார்கள்.

அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டில் ஒரு பாடகர் குழு. மூன்று வரிசை, எல்லாருக்கும் சிவப்புச் சுவெற்றர், எல்லாரும் வெள்ளைக்காரர். பின்வரிசையில் இடப்பக்கமிருந்து மூன்றாவது ஆள் மட்டும் கறுப்பு. கசெற் தேய்ந்திருந்ததால் முகம் மண்ணிற மைக்கறைபோலத் தெரியும். அசைகிற வாய் தெரியும். அவ்வளவுதான்.

"அது ஆர் அப்பா? எங்கட ஆளோ?" என்று நான் கேட்டேன்.

"அது நான்தான் பிள்ளை" என்றீர்கள்.

எவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள்!

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுச் சரித்திரம் ஆகிவிட்டது. கலியாணத்துக்கு முன்னம் லண்டனில் இரண்டு வருடம் இருந்தீர்கள். பகலில் ஒரு கிடங்கில் வேலை, பின்னேரம் ஒரு கோயில் பாடகர் குழு. அந்தக் குழுவைத்தான் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். பச்சைச் சுவெற்றர்காரர் உங்கள் தோளில் தட்டி "நல்ல குரல்" என்று சொன்னார். பஞ்சுப் பனி மூக்குக்குள் போய் எல்லாரும் தும்மினார்கள். ஒவ்வொரு டிசம்பரும் நாங்கள் அந்தக் கசெற்றைப் போட, நீங்கள் ஒவ்வொரு புதுச் செய்தியாகச் சொல்லுவீர்கள். தம்பியும் நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். அம்மா மட்டும் அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் போய்விடுவா. பலகாரம் எடுக்கப் போகிறா என்று நினைத்தேன்.

நடுவிலே ஓரிடத்தில் படம் போய்விடும். கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி கொதிக்கும், சத்தம் இரையும், இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் அந்த வரவேற்பறை வரும். "பழைய ரேப் பிள்ளை, தேஞ்சு போச்சு" என்பீர்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குள் நாங்கள் ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம்.

எனக்குப் பதினொரு வயதாகும்போது பஹ்ரைனுக்கு வந்தோம். ஈசா டவுனில் பள்ளிக்கூடம் கிட்டே என்பதற்காகவே அங்கே வீடெடுத்தீர்கள். இங்கே கோயில் இருந்தது, கோயிலில் பாடகர் குழு இருந்தது. அதை நடத்திய மிஸ் ஒலிவியா கோவாக்காரி. நான் பாடினால் பியானோவை நிறுத்திவிட்டுக் கேட்பா. "உன் அப்பாவின் இரத்தம்" என்று அவவே சொல்லுவா. அவவுக்கும் நான்தானே கதை சொல்லியிருந்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் லண்டனில் ஓர் இசைக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மிஸ் ஒலிவியா என் பாட்டை ஒலிநாடாவில் பதிந்து அனுப்பி வாங்கித் தந்த இடம் அது. படிப்புச் செலவைக் கல்லூரி பார்க்கும், தங்குவதற்கு அவவின் தங்கச்சி வீடு இருந்தது. நான் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கா? நீங்கள் சேர்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தீர்கள். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தீர்கள். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தீர்கள்.

"லண்டன் எனக்குத் தெரியும் பிள்ளை" என்றீர்கள். "அந்த லைற்றுக்குக் கீழ நிண்டவன் நான். சூட்டிங் முடிஞ்ச பிறகு எல்லாருக்கும் ரீ குடுத்தவங்கள். எனக்குக் குடுக்கேல்லை. பின்கதவால போகச் சொன்னவங்கள். எவ்வளவுதான் பாடினாலும் பின்வரிசையில மூண்டாவது ஆளுக்கு மேல எங்களை விடமாட்டாங்கள். அந்த வலி உனக்கு வேண்டாம்."

உங்கள் கண் கலங்கியிருந்தது. நான் உங்களைக் கட்டிப்பிடித்து அழுதேன். உங்களுக்காக அழுதேன், அப்பா. உங்களுக்குத் தேநீர் கொடுக்காத அந்த மனிதர்களைச் சபித்தேன். அடுத்த கிழமையே கல்லூரிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டேன். மிஸ் ஒலிவியா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ரைப்பிங் படித்தேன், ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். கொள்கலன் இலக்கங்களை ரைப் பண்ணி மின்னஞ்சல் அனுப்புகிறேன்.

அந்த வேலையைக் குறை சொல்லவில்லை. அதில்தான் வீடு நடந்தது, அதில்தான் உங்கள் மருமகன் செல்வனைச் சந்தித்தேன், ஈவா பிறந்தாள். நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஏனென்றால் நான் எதையும் இழக்கவில்லை, ஒரு வலியிலிருந்து தப்பினேன் என்று நம்பியிருந்தேன்.

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை மலையாள நேர்ஸ் பிள்ளைகளுக்கும் அந்தக் கதையைச் சொன்னீர்கள். அவர்கள் உங்களை 'சிங்கர் அங்கிள்' என்று கூப்பிட்டார்கள். உங்களுக்கு மூச்சு வாங்கியதால் மிச்சத்தை நான் சொல்லி முடித்தேன். தோளில் தட்டியது, பனி மூக்குக்குள் போனது, எல்லாம். நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்போதாவது என் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? என்னோடு தனியாக எத்தனை பின்னேரங்கள் இருந்தீர்கள்?

நீங்கள் போன முதல் டிசம்பர் துக்க வீடு, ஒன்றும் செய்யவில்லை. போன டிசம்பரில், நத்தாருக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு உங்கள் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். செபக்குழுவில் உங்களோடு பாடியவர்கள், பழைய பக்கத்து வீட்டு லீலா அக்கா குடும்பம், திருநெல்வேலி அருள் அங்கிள். இருபது பேர் இருக்கும். சாப்பிட்டு முடிய எல்லாருமாக அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பது என்று திட்டம். அதுதான் உங்களுக்கு அஞ்சலி.

கசெற் ஓடுகிற மெசின் வீட்டில் எப்போதோ பழுதாகிவிட்டது. அதனால் ஈவா இணையத்தில் தேடினாள். அவளுக்கு இப்போது பதினேழு வயது, அவள் தேடினால் எதுவும் கிடைக்கும். கிடைத்தது. பழைய நிகழ்ச்சிகளைத் துப்புரவாக்கி ஏற்றுகிற யாரோ ஒருவர், முதல் பிரதியிலிருந்தே எடுத்து முழுமையாகப் போட்டிருந்தார். "மம்மி, இது செம கிளியர். தாத்தாவைச் சூம் பண்ணியே பாக்கலாம்" என்று துள்ளினாள். எல்லாரோடும் சேர்ந்து பார்க்கவேண்டும் என்று நாங்கள் இரண்டுபேரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

பெரிய ரீவியில் ஓடவிட்டோம். பச்சைச் சுவெற்றரின் பின்னல்கூடத் தெரிந்தது. எல்லாருக்கும் நான்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். "இப்ப குழு வரும், பின்வரிசை, மூண்டாவது" என்று எழும்பிப்போய்த் திரையில் விரலை வைத்தேன்.

என் விரலுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் பாடிக்கொண்டிருந்தார். அகன்ற தாடை. முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. நரை தொட்ட மீசை. நாற்பது வயது இருக்கும். உங்களுக்கு அப்போது இருபத்துநாலு.

ஈவாதான் மெல்லச் சொன்னாள்: "மம்மி, தட்ஸ் நொட் தாத்தா."

லீலா அக்கா உடனே, "மேக்கப் போட்டா முகம் மாறும்தானே" என்றா. அருள் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டார். "வரிசை மாறி நின்னிருப்பாரும்மா. வேற பக்கம் பாப்போம்" என்றார். நானும் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உங்களுக்காக அந்தப் படிக்கட்டு முழுக்கத் தேடினேன், அப்பா.

அதற்குள் அந்த இடம் வந்துவிட்டது. எங்கள் கசெற்றில் புள்ளி கொதிக்கிற இடம். இதில் புள்ளி கொதிக்கவில்லை. பச்சைச் சுவெற்றர்காரர் பாட்டை நிறுத்திப் பின்னால் திரும்பிக் கையை நீட்டினார். அந்தக் கறுப்பு மனிதர் வரிசையை விட்டு வெளியே வந்தார். படிகளில் இறங்கி மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு சரணம் தனியாகப் பாடினார். கமரா அவர் முகத்தை நிறைத்துக் காட்டியது. பச்சைச் சுவெற்றர்காரர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். பாடி முடிய அவர் தோளை அணைத்து, அவர் பெயரைச் சொல்லி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

பின்வரிசையில் மூன்றாவது ஆளுக்கு மேல் விடமாட்டார்கள் என்றீர்களே.

செல்வன் ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டு, "எல்லாரும் ரீ குடிப்பம்" என்றார். தேநீர் குடித்தார்கள். கேக் நல்லாயிருக்கு என்றார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் வீடு வெறுமையாகிவிட்டது. போகும்போது லீலா அக்கா என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனா. அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றா. மூட்டு வலி வந்தபிறகு அவவைப் பாத்திரம் கழுவ நாங்கள் விடுவதில்லை. நான் போய்க் குழாயைப் பூட்டினேன்.

"அம்மா, அப்பா லண்டனுக்குப் போனவரோ?"

"இப்ப ஏன் பிள்ளை அதை?"

"போனவரோ, இல்லையோ?"

அம்மா கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தா. "விசா குடுக்கேல்லை. ரெண்டு தரம் கேட்டவர், ரெண்டு தரமும் இல்லையெண்டுட்டாங்கள். கொழும்பில ஒரு சாமான் கடையில நிண்டவர். அவர் முதல்முதல் பிளேன் ஏறினதே கல்ஃபுக்கு வரேக்கைதான்."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியாமல் என்ன? ஊரில ஒரே கோயில்தானே நாங்கள்."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா நின்றபடியே மிச்சத்தைச் சொன்னா. அந்த முதல் நத்தாரில் நான் காலையிலிருந்து அழுதேனாம். கோயில் எங்கே, குடில் எங்கே, வெடி எங்கே, எங்களுக்கு ஏன் நத்தார் இல்லை என்று கேட்டுச் சாப்பிடாமல் இருந்தேனாம். அதனால்தான் நீங்கள் அந்தக் கசெற்றைப் போட்டீர்களாம். அந்தக் கறுப்பு முகத்தைக் கண்டதும்தான் நான் அழுகையை நிறுத்தினேனாம்.

"நீ அது ஆரெண்டு கேட்டாய். அவர் பகிடிக்குத்தான் சொன்னவர். ஆனா உன்ரை முகத்தைப் பாத்தாப் பிறகு மாத்திச் சொல்ல அவருக்கு மனம் வரேல்லை. நீ கொஞ்ச நேரத்தில என்ரை மடியில நித்திரையாப் போட்டாய். பிறகுதான் அந்த ஆள் இறங்கி வந்து பாடினவன். அப்பா பாத்துக்கொண்டே இருந்தவர். அடுத்த நாள் வேலையால வந்து, உடுப்பும் மாத்தாமல் அந்தத் துண்டை அழிச்சவர்."

கசெற்றின் மூலையில் ஒட்டியிருந்த செலோரேப் எனக்கு உடனே கண்ணில் வந்தது. பதிந்ததை யாரும் அழிக்காமல் இருக்க அந்த மூலையில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பல்லை உடைத்துவிடுவார்கள். அந்த ஓட்டையை ஒட்டி மூடினால்தான் அதன்மேல் பதியலாம். நீங்கள் அளந்து வெட்டி வடிவாக ஒட்டியிருந்தீர்கள். அந்த ரேப்பை நான் எத்தனை தரம் விரலால் தடவியிருப்பேன்!

ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் ஒருநாள் வரிசையை விட்டு வெளியே வந்து பாடியிருக்கிறான். அதை நீங்கள் எங்கள் வீட்டில் அழித்துவிட்டீர்கள். அழித்துவிட்டு, அவனை வெளியே வரவே விடவில்லை என்று எனக்குச் சொன்னீர்கள்.

ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொன்ன பொய்யை நான் மன்னித்துவிடுவேன். அதை நினைத்தால் உங்கள்மேல் பாசம்தான் வருகிறது. ஆனால் பத்தொன்பது வயதில்? அந்த வெள்ளிக்கிழமை, இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்தில்? பின்கதவும், கொடுக்காத தேநீரும் எங்கிருந்து வந்தன? நின்ற நிலையில் எப்படி அவ்வளவையும் உண்டாக்கினீர்கள்? கண் எப்படிக் கலங்கியது?

அம்மாவிடமும் இதைத்தான் கேட்டேன். "அண்டைக்கு ஏனம்மா அப்பிடிச் சொன்னவர்? நீங்கள் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

அம்மா பூட்டியிருந்த குழாயை இன்னொரு தரம் இறுக்கினா. பிறகு சொன்னா: "உன்னைத் தனிய அனுப்ப அவருக்குப் பயம். பயமெண்டு சொல்ல வெக்கம். எனக்கும் பயம்தான் பிள்ளை. அவர் சொன்னது எனக்கு வசதியாப் போச்சு."

பயம் என்று சொல்லியிருந்தால், அப்பா, நான் உங்களோடு சண்டை பிடித்திருப்பேன். சாப்பிடாமல் கிடந்திருப்பேன். மிஸ் ஒலிவியாவைக் கூட்டிவந்து உங்கள் முன்னால் இருத்தியிருப்பேன். வென்றிருப்பேனோ தோற்றிருப்பேனோ தெரியாது. ஆனால் அந்த லைற்றுக்குக் கீழே நின்று காயப்பட்டு வந்த மனிதரோடு ஒரு பிள்ளை எப்படிச் சண்டை பிடிக்கும்? எனக்குச் சண்டை பிடிக்கவே இடம் வைக்காமல் செய்துவிட்டீர்கள். நான் நல்ல பாடகியாக வந்திருப்பேன் என்று சொல்லவரவில்லை. ஒருவேளை ஒரு வருடத்தில் திரும்பி வந்திருப்பேன். அப்படித் திரும்பி வந்த பெட்டைகூட என்னைவிட ஏதோ ஒன்று தெரிந்தவளாக இருந்திருப்பாள் அல்லவா?

அம்மாவோடு ஒன்பது நாள் நான் கதைக்கவில்லை. நத்தார் பூசைக்கும் செல்வன்தான் அவவைக் கூட்டிப் போனார். நான் வீட்டில் இருந்தேன். ஈவாதான் இரண்டு அறைக்கும் நடுவில் திரிந்தாள். "பாட்டி கேட்டா நீங்க டின்னர் சாப்பிட்டீங்களா எண்டு." "பாட்டி இஸ் க்ரையிங் மம்மி, பட் நான் சொன்னதா சொல்லாதீங்க." பத்தாம் நாள் அம்மாவின் முட்டிக்குத் தைலம் பூசப் போனேன். அவவும் காலை நீட்டினா. இப்போது நாங்கள் கதைக்கிறோம், ஆனால் முந்தி மாதிரி இல்லை. எழுபத்தைந்து வயது மனுசியோடு எவ்வளவு காலம் கோபிக்கிறது? அவவின் பங்குக் கோபத்தையும் சேர்த்துத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குச் சொல்லவேண்டும். அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள். 'தனியாகப் பாடுகிறவர் என் தந்தை. கயானாவில் பிறந்தவர். இதை ஏற்றியவருக்கு நன்றி.' அவளுக்கு நான் எழுதினேன். எழுத எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. உங்கள் தந்தையின் முகத்தை என் தந்தை தன்னுடையது என்று நாற்பது வருடம் சொல்லிவந்தார், நானும் ஊருக்கெல்லாம் சொன்னேன், மன்னியுங்கள் என்று எழுதினேன்.

அவளுடைய பெயர் பெவர்லி. பதில் போட்டாள். அவர் லண்டனில் பஸ் ஓட்டியவராம். ஒரே ஒரு தரம், பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது, தான் தொலைக்காட்சியில் பாடியதாகச் சொன்னாராம். பிள்ளைகள் நம்பாமல் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அவர் செத்துப் பல வருடம் கழித்து இந்த வீடியோ வந்தபிறகுதான் அவர்களுக்குத் தெரிந்ததாம். 'நீங்களாவது அவரை ஒவ்வொரு வருடமும் பார்த்தீர்கள்' என்று எழுதியிருந்தாள்.

கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். 'உங்கள் அப்பா உண்மையில் பாடுவாரா?'

அதை வாசித்துவிட்டுத்தான், உண்மை தெரிந்தபிறகு முதல்முறையாக, நான் அழுதேன். பாடுவார் என்று எழுதினேன். நல்லாகப் பாடுவார். சவரம் செய்யும்போது பாடுவார், காரில் பாடுவார், பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரிப் பாட்டுக்கு அவர் குரல் கொடுத்தால் கோயிலில் இருமல் சத்தமும் அடங்கிவிடும் என்று எழுதினேன். அது உண்மைதானே அப்பா? அதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அது ஒன்றே எனக்குப் போதுமாக இருந்திருக்கும். எங்கள் அப்பா ஸ்டோர்ஸ் கிளார்க், நல்லாகப் பாடுவார். இந்தக் கதைக்கு என்ன குறை? இதை ஏன் நீங்கள் நம்பவில்லை?

ஈவாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியப்போகிறது. படம் எடிற் பண்ணப் படிக்கவேண்டுமாம். தூர தேசத்தில் ஒரு கல்லூரியில் இடம் கேட்டு, எங்களுக்குச் சொல்லாமலே விண்ணப்பித்து, இடமும் கிடைத்துவிட்டது. போன மாதம் போனை நீட்டிக் காட்டினாள்.

அவள் தனியாக ஓர் அறையில், குளிரில், காய்ச்சலோடு படுத்திருப்பதுபோல எனக்கு ஒரு படம் வந்தது. என் அலுவலகத்தில் ஒருத்தியின் மகள் அந்தப் படிப்புப் படித்து வேலையில்லாமல் இருக்கிறாள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அப்படி ஒருத்தியே இல்லை அப்பா. ஆனால் அவளுக்குப் பெயர்கூட என் வாயில் வந்துவிட்டது. அவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் அதைச் சொல்லவில்லை. "எனக்குப் பயமாயிருக்கு ஈவா" என்றேன். "வேற ஒரு காரணமும் இல்லை. வெறும் பயம்."

பிறகு சண்டை தொடங்கியது. மூன்று கிழமையாக நடக்கிறது. காலையில் பல்துலக்கும்போது தொடங்குகிறாள், காரில் தொடர்கிறாள். "யுவர் ஃபியர் இஸ் நொட் மை ப்ராப்ளம்" என்று கத்துகிறாள். கதவை அடித்துச் சாத்துகிறாள். அங்கே எத்தனை பாகையில் குளிர், எந்த ஆஸ்பத்திரி கிட்டே என்றெல்லாம் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். நான் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டு வருகிறேன். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டும் நல்லாக் கத்துங்கோ" என்றுவிட்டுப் போகிறா.

உங்கள் பிறந்தநாளுக்கு இந்த முறை நான் கல்லறைக்கு வரவில்லை. அம்மாவும் செல்வனும் பூ வைத்துவிட்டு வந்தார்கள். காரில் வாசல்வரைக்கும் போனேன், இறங்கவில்லை. நினைவு மலரின் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி, இந்தக் கடிதத்தோடு மலர் போன எல்லாருக்கும் அனுப்புகிறேன். அதில் நீங்கள் கிளார்க், நீங்கள் தகப்பன், நீங்கள் பாடினீர்கள், ஒரு பொய் சொன்னீர்கள், அது எனக்கு இவ்வளவு செய்தது என்று இருக்கும். உங்களைக் குறைத்து ஒரு சொல் போடமாட்டேன், கூட்டியும் போடமாட்டேன்.

வாக்குத் தருகிறேன் அப்பா. இந்தக் கோபம் குறைகிற ஒரு நாளில் நான் தனியாக வருவேன். எப்போது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும், அதனால் சொல்லவில்லை. ஆனால் வராமல் விடமாட்டேன். வந்து பக்கத்தில் இருந்து, நீங்கள் எதற்கெல்லாம் பயந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அதுவரைக்கும் அங்கேயே இருங்கோ.

கோபம் இன்னும் ஆறாத,
உங்கள் மூத்த பிள்ளை
ஜெசிந்தா
ஈசா டவுன், பஹ்ரைன்